வண்டியில் ‘மத்தி’ என்று வாங்கினேன், அப்பாயி ‘சூடை’ என்கிறார்கள். எது சரி?

பந்தலூர்_பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு நீலகிரியில பந்தலூர் பக்கம், டேன்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துல இருக்கு. வாரத்துல மூணு நாள் மீன் வண்டி வரும். போன சனிக்கிழமை ‘மத்தி, மத்தி’ன்னு கூவிக்கிட்டு வந்த அண்ணன்கிட்ட ஒரு கிலோ வாங்கினேன். ஆய உட்கார்ந்தப்போ அப்பாயி ஒண்ணைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. “இது மத்தி இல்லடி, சூடை. மண்டபத்துல தின்னது இதுதான்”னு சொன்னாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அவங்க 1973ல இலங்கையில தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினவங்க. மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு, அப்புறம்தான் இங்க அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினாங்களாம். அதுவரைக்கும் நுவரெலியா பக்கம் தோட்டத்துல கருவாடும் நெத்தலியும்தான். பச்சை மீனைக் கரையில இருந்து நேரா வாங்கி ஆக்கினது வாழ்க்கையிலேயே முதல் தடவை மண்டபத்துலதான்னு சொல்வாங்க. கரையில கூறு கட்டி வித்த சின்ன மீன். பேரு சூடைன்னு பக்கத்து அடுப்புக்காரம்மா சொல்லிக் கொடுத்தாங்களாம்.

ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு மீனைப் பார்த்து இப்படிச் சொல்ல முடியுமா? இல்ல, வயசான ஞாபகம் ரெண்டையும் ஒண்ணாக்குதா? படம் போட்டிருக்கேன். என் நடுவிரல் நீளம்தான் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் கூட. முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி. முதுகுத் துடுப்பு ஆரம்பிக்கிற இடத்துல சின்னதா ஒரு கருப்புப் புள்ளி. வயித்து ஓரம் தடவினா ரம்பம் மாதிரி கீறுது. குழம்பு வச்சோம். போன மாசம் வாங்கின மத்தியில மேல மிதந்த எண்ணெய் இதுல இல்ல.

மத்தியும் சூடையும் ஒண்ணா, வேறயா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊட்டி_சந்தைக்கடை எழுதியது:

ஒண்ணுதான் தங்கச்சி. மத்தி, சாளை, கவலை, சூடை எல்லாம் ஊருக்கு ஊர் பேரு மாறுறதுதான். சின்னதா வந்தா சூடைம்பாங்க, பெருசானா மத்திம்பாங்க. நம்ம மலைக்கு வர்றதுக்குள்ள எந்தப் பேரு ஒட்டுதோ அதுதான் பேரு.

கீழக்கரை_டு_குன்னூர் எழுதியது:

மன்னிக்கணும் அண்ணே, ஒண்ணு இல்ல. நான் ராமநாதபுரம் கரையில வளர்ந்தவன், குன்னூருக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகுது. எங்க ஊர்ல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சூடை வேற, பேய்ச்சாளை வேறன்னு சொல்லும். நீங்க மலையில மத்தின்னு சொல்றதைத்தான் நாங்க பேய்ச்சாளைங்கிறோம். சூடை வளர்ந்து மத்தி ஆகாது. எவ்வளவு வளர்ந்தாலும் அது சூடைதான்.

மலபார்ல தலையில வச்சுக் கொண்டாடுற மீனுக்கு எங்க கரையில ‘பேய்’னு பேரு வச்சிருக்கோம், கவனிச்சீங்களா? திங்க ஆகாத வகையைப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்குன்னு சொல்ற மாதிரிதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். எங்களுக்குப் பழகின சாளை சூடைதான், அதனால எண்ணெய் வடியுற இன்னொண்ணு வந்தப்போ அதுக்கு அந்தப் பேரு விழுந்திருக்கணும். எங்க அத்தா காலத்துல பேய்ச்சாளை வலையில விழுந்தா வீட்டுக்கு எடுத்துட்டு வர மாட்டாங்க. இப்பவும் மண்டபம், பாம்பன் கரையில கிடைக்கிற பேய்ச்சாளையை ஐஸ் போட்டு லாரியில கேரளாவுக்கு அனுப்பிட்டு, வீட்டுக் குழம்புக்குச் சூடை எடுத்துக்கிறவங்க உண்டு.

தங்கச்சி, உங்க படத்துல இருக்கிறது சூடைதான். உங்க அப்பாயிக்கு என் சலாம் சொல்லுங்க. ஐம்பது வருஷம் ஆனாலும் சூடையோட வயித்து ரம்பத்தைத் தொட்ட கை மறக்காது.

விலங்கியல்_வாத்தியார் எழுதியது:

ஊட்டியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கடலே தெரியாத பிள்ளைகளுக்கு மீன் வகைப்பாட்டை நடத்த, வாரச் சந்தையில் வாங்கிய மீன்களைத்தான் மேசைமேல் பரப்பி வைப்பேன். எனவே இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

கீழக்கரை நண்பர் சொல்வது சரி. இவை வெவ்வேறு இனங்கள். மத்தி, பேய்ச்சாளை, நெய்ச்சாளை என்று அழைக்கப்படுவது சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். ‘லாங்கிசெப்ஸ்’ என்றால் நீண்ட தலை. சூடை என்ற பேரில் வருவதோ ஒரே இனம் அல்ல. அதற்குள் முக்கியமாக இரண்டு உண்டு: சார்டினெல்லா அல்பெல்லா, சார்டினெல்லா கிப்போசா. மண்டபத்துக் கடல் மீன்வள ஆய்வு நிலையத்தில் சேகரன் என்ற ஆய்வாளர் 1950களிலேயே மண்டபம் வட்டாரச் சூடை மீன்பிடிப்பைப் பற்றி எழுதினார். ஆங்கிலக் கட்டுரையிலும் ‘சூடை’ என்ற நம் சொல்லையே வைத்துக்கொண்டார். மீனவர் வாய்ச்சொல் அறிவியல் ஏட்டில் ஏறியது எனக்கு இன்றும் பெருமையான விஷயம்.

வீட்டிலேயே பிரித்தறிய வழி இருக்கிறது. சமைக்குமுன் ஒரு மீனை எடுத்துவையுங்கள்.

முதலில் தலையைப் பாருங்கள். வால் துடுப்பை விட்டுவிட்டு உடம்பை அளந்தால், மத்தியின் தலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரும். சூடையின் தலை அதைவிடக் குட்டை. ஆனால் ஐஸில் நசுங்கிய மீனில் இது ஏமாற்றும், இதை மட்டும் நம்பக் கூடாது.

நம்பக்கூடிய அடையாளம் வயிற்றுத் துடுப்பு. அடிவயிற்றில் இரட்டையாக இருக்குமே, அது. ஒரு துடுப்பை ஊசியால் மெதுவாக விரித்து, பூதக்கண்ணாடியில் கதிர்களை, அதாவது துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளை, எண்ணுங்கள். கிளைக்காத முதல் கதிரையும் சேர்த்து மத்திக்கு 9, சூடைகளுக்கு 8. ஒரே ஒரு கதிர்தான் வித்தியாசம், ஆனால் அது மாறுவதில்லை.

செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே சீப்புப் பல் போல வரிசை தெரியும். முதல் வளைவின் கீழ்ப்பாதியில் மத்திக்கு 150க்கு மேல், மயிரிழை போல நெருக்கமாக. சூடைக்கு 40 முதல் 70 வரைதான், இடைவெளி விட்டு. உங்கள் குழம்பில் ஏன் எண்ணெய் மிதக்கவில்லை என்பதற்கான விடையே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மத்தி நீரோடு சேர்த்து விழுங்கி வடிகட்டுவது டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசியை. அதற்கு நெருக்கமான சல்லடை வேண்டும். சூடை உண்பது பெரும்பாலும் மிதக்கும் சிற்றுயிர்களை, அதற்குக் கண் அகன்ற சல்லடை போதும். தென்மேற்குப் பருவமழையில் மேற்குக் கரையில் அடிநீர் மேலெழுந்து கடல் பாசியால் பச்சையாகும். அதை மேய்ந்து மத்தி கொழுக்கும். நீங்கள் குழம்பில் பார்த்த எண்ணெய் அந்தப் பாசியின் எண்ணெய்தான்.

அளவும் உதவும். மத்தி சாதாரணமாக 20 சென்டிமீட்டர் வரை வரும். கிப்போசா 15, அல்பெல்லா 10ஐ ஒட்டி. உங்கள் படத்தில் உடம்பு அகலமாக இருப்பதால் அல்பெல்லா என்று என் கண்ணுக்குப் படுகிறது. கிப்போசா ஒல்லி, பக்கவாட்டில் பொன்வரி ஓடும். ஆனால் அந்த வரி ஐஸில் மங்கிவிடும். மத்திக்குச் செவுள் மூடியின் பின்விளிம்பில் கரும்புள்ளி இருக்கும். உங்கள் மீனுக்குப் புள்ளி முதுகுத் துடுப்படியில். கதிர்களை எண்ணிச் சொல்லுங்கள், உறுதியாகிவிடும்.

நாடுகாணி_வண்டி எழுதியது:

நான் அந்தத் தங்கச்சிக்கு மீன் கொடுத்த வண்டி இல்ல. ஆனா அதே ரோட்டுலதான் பன்னிரண்டு வருஷமா ஓட்டுறேன். ராத்திரி ஒரு மணிக்கு வழிக்கடவு இறக்கம் இறங்கி, பேப்பூர் இல்லன்னா புதியாப்பா துறைமுகத்துல ஏலம் எடுத்து, பெட்டியில ஐஸ் அடுக்கி, விடிஞ்சு ஒன்பது மணிக்குள்ள நாடுகாணி ஏறிடணும். அங்கிருந்து தேவாலா, பந்தலூர், சேரம்பாடி.

ஒரு உண்மையைச் சொல்றேன். ஏலத்துல சின்ன மீன் பெட்டி வந்தா யாரும் உள்ள கையை விட்டுத் துடுப்பை எண்ணுறதில்ல. ‘மத்தி’ன்னு விளிச்சா மத்தி. பந்தலூர்ல ‘சூடை’ன்னு கூவினா யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க. மலையாளம் பேசுறவங்களும் மலைத் தமிழ் பேசுறவங்களும் ஒண்ணா இருக்கிற லைன், ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரே பேரு மத்திதான்.

இன்னொண்ணு. 2021ல கேரளாவுல மத்தியே இல்லாம போச்சு. அந்த வருஷம் கோழிக்கோட்டு மார்க்கெட்டுக்கே தமிழ்நாட்டுக் கரையில இருந்து லாரி வரும். அதுல மத்தியும் இருக்கும், நீங்க சொல்ற இந்தச் சின்ன வகையும் இருக்கும். அப்போ ஆரம்பிச்ச வரத்து இன்னும் முழுசா நிக்கல.

விலங்கியல்_வாத்தியார் எழுதியது:

வண்டிக்கார நண்பர் சொல்வதற்கு எண்களே சாட்சி. கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2012இல் கேரளக் கரையில் இறங்கிய மத்தி 3.9 லட்சம் டன்னுக்கு மேல். 2021இல் வெறும் 3,297 டன். அடுத்த ஆண்டே ஒரு லட்சம் டன்னைத் தாண்டித் திரும்பி வந்தது. ஒரு வயதிலேயே முட்டையிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழ்வை முடிக்கும் மீன் இப்படித்தான் பெருகும், இப்படித்தான் மறையும். ஒரு மழைக்காலம் பொய்த்தால் அடுத்த ஆண்டுக் கூட்டமே இல்லை. அதோடு குஞ்சுகளையும் வாரினால் மீள்வது கடினம். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் சட்டம் இருப்பது அதற்காகத்தான்.

இங்கே ஒரு சிக்கல் பாருங்கள். 10 சென்டிமீட்டர் சூடை முழுசாக வளர்ந்த மீன். 10 சென்டிமீட்டர் மத்தி இன்னும் ஒரு முட்டைகூட இடாத குஞ்சு. இரண்டையும் ‘சின்ன மத்தி’ என்று விற்றால், நாம் வாங்குவது வளர்ந்த மீனா குஞ்சா என்று எப்படித் தெரியும்? பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான்.

வத்தலகுண்டு_வளைவு எழுதியது:

நான் கொடைக்கானல். எங்களுக்கு மீன் மதுரை, திண்டுக்கல் வழியாத்தான் வரும், பெரும்பாலும் கிழக்குக் கரை மீன். இங்க கடையில ‘கவலை’ன்னு எழுதிப் போட்டிருப்பாங்க. நான் பிறந்தது சென்னை, அங்கயும் கவலைதான். அப்போ கவலைங்கிறது சூடையா, மத்தியா?

குளிர் ஊருங்கிறதால எங்க கடைக்காரர் ஐஸ் அதிகம் வைக்க மாட்டார். “இந்தக் குளிர்ல எதுக்கு ஐஸ், மீன் அப்படியே இருக்கும்”னு சொல்வார். பார்த்தா கெட்ட மாதிரி தெரியாது. இது சரியா?

கீழக்கரை_டு_குன்னூர் எழுதியது:

கவலைன்னு சென்னைப் பக்கம் சொல்றது பெரும்பாலும் சூடை வகையைத்தான் நண்பரே. ஆனா அங்கயும் கலந்து விப்பாங்க, அதனால மீனைப் பார்த்துத்தான் சொல்லணும். ஐஸ் விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, எனக்கும் அந்தக் கவலை உண்டு.

கோத்தகிரி_செவிலி எழுதியது:

கொடைக்கானல் அண்ணாவுக்கு இதை அழுத்தமா சொல்லணும்னு நினைக்கிறேன். சரி இல்ல, தயவுசெஞ்சு அப்படி வாங்காதீங்க.

நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வருஷத்துல சில பேராவது இப்படி வருவாங்க. மீன் சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துல முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பெல்லாம் அரிச்சு, தலை இடிச்சு, சிலருக்கு வாந்தி வயித்தாலையோட. ஒரே வீட்டுல நாலு பேரும் சேர்ந்தே வருவாங்க. ஒருத்தருக்கு மட்டும் வந்தா ஒவ்வாமைன்னு நினைக்கலாம், நாலு பேருக்கும் ஒண்ணா வந்தா மீனைத்தான் பார்க்கணும்.

மத்தி, சூடை, அயிலை, சூரை மாதிரி மீனோட சதையில ஹிஸ்டிடின்னு ஒரு பொருள் நிறைய இருக்கு. மீன் செத்ததும் குளிர்ல வைக்காம விட்டா, பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். ஒவ்வாமை வந்தா நம்ம உடம்பே சுரக்கிற அதே பொருள்தான் அது. ஒரு தடவை உருவாகிட்டா கொதிக்க வச்சாலும் பொரிச்சாலும் போகாது, ஃப்ரீசர்ல வச்சாலும் போகாது. வாடையும் பெருசா வராது.

நம்ம ஊர் குளிர்ங்கிறது உண்மை. ஆனா மீன் கெடுறது இங்க வந்து இல்ல. மேட்டுப்பாளையம், வத்தலகுண்டு வெயில்ல வண்டி நிக்கிற அந்த ரெண்டு மணி நேரத்துலதான். மேல ஏறினதும் குளிர்ந்துடுது, தொட்டா சில்லுன்னு இருக்குது, நாமளும் நல்ல மீன்னு நம்பிடுறோம். நம்ம ஊர்க் குளிரே ஐஸுக்குச் சமம் இல்ல. மீன் உருகுற ஐஸோட பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கணும். ஊட்டி மதியம்கூட அதைவிட ரொம்பச் சூடுதான்.

இதுல எனக்குப் பெரிய வருத்தம் என்னன்னா, இப்படி ஒரு தடவை வந்துட்டா ‘எனக்கு மீன் ஆகாது’ன்னு ஆயுசுக்கும் விட்டுடுறாங்க. ரத்தம் குறைஞ்ச தோட்டத்துப் பெண்கள், வளர்ற பிள்ளைங்க, இவங்களுக்கு இதைவிட மலிவா இவ்வளவு புரதம், எலும்போட தின்னா இவ்வளவு சுண்ணாம்புச் சத்து, ஒமேகா கொழுப்பு எல்லாம் வேற எதுல கிடைக்கும்? ஆகாதது மீன் இல்ல, வண்டியில ஐஸ் இல்லாததுதான்.

நாடுகாணி_வண்டி எழுதியது:

செவிலி அக்கா சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். நான் மீனுக்குச் சமமா ஐஸ் போடுவேன், கோடையில அதுக்கும் மேல. ஐஸுக்குக் காசு போகுதுன்னு விலையில ஒரு பத்து ரூபா கூட்டினா, “பக்கத்து வண்டியில கம்மி”ம்பாங்க. ஐஸ் கட்டி பெட்டியில தெரியுதான்னு பார்த்து வாங்குங்க. உருகின தண்ணி மட்டும் நின்னா வாங்காதீங்க, நான் கொண்டு வந்ததா இருந்தாலும் சரி.

ஊட்டி_சந்தைக்கடை எழுதியது:

நான் முதல்ல ஒண்ணுதான்னு எழுதினது தப்பு. இருபது வருஷமா அப்படியே நம்பி அப்படியே சொல்லிட்டு இருந்திருக்கேன். இன்னைக்குக் காலையில கடையில இருந்த சின்ன மீனுல அஞ்சு எடுத்து ஊசி வச்சு எண்ணினேன். மூணுக்கு 9, ரெண்டுக்கு 8. ஒரே பெட்டி, ஒரே விலை. வாத்தியார் ஐயாவுக்கு நன்றி.

சிம்ஸ்பூங்கா_வாசகன் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. குன்னூர்க்காரன் என்பதால் ஒரு பழைய தொடர்பை இங்கே வைக்க ஆசைப்படுகிறேன். மத்தி நம் மலைக்குக் குழம்புக்காக மட்டும் ஏறவில்லை.

சர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற பேர் கூட்டுறவு வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று 1890களில் மதராஸ் அரசுக்கு அறிக்கை எழுதியவர். ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழித்தவர். அவரே மதராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு அடிக்கல் நாட்டியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1905இல் கடற்கரை மீன்பிடிப்பை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அப்போது மலபார்க் கரையில் மத்தி கூட்டம் கூட்டமாக வந்து விழும். தின்று தீராது, உப்பிடவும் முடியாது. மிஞ்சியதை மணலில் பரப்பிக் காயவைத்து உரமாக விற்றார்கள். அழுகல் நாற்றம், எண்ணெய் முழுதும் வீண், உரத்தில் பாதி மணல். பெரிய கொப்பரையில் வேகவைத்து, பிழிந்து, எண்ணெயைத் தனியாகவும் சக்கையைத் தனியாகவும் எடுக்கும் எளிய முறையை நிக்கல்சன் செய்துகாட்டினார். மீனவர்களே சிறு முதலீட்டில் நடத்தும்படி அது அமைந்ததால், சில ஆண்டுகளிலேயே மலபார், தென் கன்னடக் கரைகளில் இத்தகைய சிற்றாலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. எண்ணெய் தோல் பதனிடவும் சோப்பு காய்ச்சவும் போயிற்று. சக்கை மீன் உரமாகக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு மலை ஏறியது, கப்பலேறி இலங்கைக்கும் போயிற்று.

பந்தலூர்_பேத்தியின் அப்பாயி கொழுந்து கிள்ளிய இலங்கைத் தோட்டத்து மண்ணிலும் ஒரு காலத்தில் இந்த மீன் விழுந்திருக்கக்கூடும். இதை எழுதும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. இழையின் போக்கிலிருந்து விலகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்தலூர்_பேத்தி எழுதியது:

விலகவே இல்ல ஐயா. இதை அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினேன். “மீனை மண்ணுக்கா போட்டாங்க?”ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. தோட்டத்துல அவங்க காலத்துல சாக்கு உரம்தான் பார்த்திருக்காங்களாம்.

இன்னைக்கு வண்டியில வந்ததுல மறுபடி அதே மீன். தம்பியோட பள்ளிக்கூடப் பூதக்கண்ணாடியை வச்சு எண்ணினோம். அப்பாயி ஊசியில விரிச்சுப் பிடிச்சாங்க, நான் எண்ணினேன். நாலு மீனுலயும் 8. செவுளையும் திறந்து பார்த்தோம், சீப்பு இடைவெளி விட்டுத்தான் இருக்கு. எண்ணி முடிச்சதும், “நான் சொன்னப்போ நம்பலையா நீ?”ன்னு கேட்டாங்க. நம்பினேன் அப்பாயின்னு சொன்னேன், ஆனா அவங்க மேல சந்தேகப்பட்டு இங்க எழுதினது மனசை உறுத்துச்சு.

இப்போ சமையலுக்கு வர்றேன். மண்டபத்துல பக்கத்து அடுப்புக்காரம்மா ஆக்கின மாதிரியே செஞ்சு கொடுக்கணும். அப்பாயிக்கு ஞாபகம் இருக்கிறது இவ்வளவுதான்: மண்சட்டி, சின்ன வெங்காயம், தேங்காய் கொஞ்சமா, எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். ‘முள்ளே தெரியல’ன்னு சொல்றாங்க. ஆனா நான் ஆக்கினா முள்ளு தொண்டையில குத்துது. அவங்களுக்குப் பல்லும் இல்ல. குக்கர்ல வைக்கலாமா?

விலங்கியல்_வாத்தியார் எழுதியது:

எட்டு! மிக்க மகிழ்ச்சி. அப்பாயியின் கண்ணுக்கு என் வணக்கம்.

குக்கர் பற்றி ஒரு குறிப்பு. ஊட்டி உயரத்தில் திறந்த சட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, அதனால்தான் இங்கே முள் இளகுவதில்லை. பந்தலூர் எங்களைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வு, உங்களுக்கு 96, 97 வரும். குக்கருக்குள் கடற்கரையில் 120 டிகிரி என்றால் ஊட்டியில் 116 போல. இந்த நாலு டிகிரிக்காக நான் வீட்டில் பத்து நிமிடம் கூட்டி வைப்பேன். டப்பா மீனில் முள் மாவாகக் கரைவதும் இந்தச் சூட்டில்தான்.

கீழக்கரை_டு_குன்னூர் எழுதியது:

தங்கச்சி, குக்கர்ல முள்ளு கரையும், சூடையோட ருசியும் கரைஞ்சிடும். அப்பாயிக்குப் பல் இல்லங்கிறதால வேணும்னா கொஞ்சத்தைத் தனியா குக்கர்ல வைங்க. மீதியை எங்க உம்மா செய்ற மாதிரி செய்யுங்க.

சூடையை ஆயுறப்போ தலையைக் கிள்ளி இழுத்தா குடலும் சேர்ந்து வந்துடும். செதிலைக் கல்லுல உரசி எடுங்க. இப்போ முக்கியமான வேலை: வயித்து ரம்பத்தைக் கத்தரிக்கோலால ஓரமா ஒரு நூல் அளவுக்கு வெட்டி எறிஞ்சிடணும். மலைக்காரங்க இதைச் செய்யறதில்ல, மத்திக்கு அவ்வளவு தேவைப்படாததால பழக்கம் இல்ல. தொண்டையில குத்துறது பாதி அந்த ரம்பம்தான்.

மண்சட்டியில ரெண்டு கைப்பிடி சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, பச்சை மிளகாய் நாலு கீறி, மஞ்சள், சீரகம், தேங்காயை நல்லா மையா அரைச்சுக் கரைச்சு ஊத்துங்க. புளி கெட்டியாவே இருக்கட்டும். மீனை அடுக்கி மேல கறிவேப்பிலை. கரண்டி போடக் கூடாது, சட்டியைத் தூக்கிச் சுத்தி அசைக்கணும். தண்ணி வத்தி மீனோட ஒட்டுற வரைக்கும் சின்னத் தீயில அப்படியே விடுங்க. கடைசியா பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி. சூடைக்குச் சொந்த எண்ணெய் கம்மி, நாமதான் கொடுக்கணும். இதை நாங்க அவியல்னு சொல்வோம், காய்கறி அவியல் இல்ல.

மறுநாள் காலையில பழைய சோத்துக்கு எடுத்துப் பாருங்க. புளி ஊறி முள்ளு இன்னும் இளகியிருக்கும். உங்க அப்பாயி முள்ளே தெரியலைன்னு சொன்னது மறுநாள் தின்னதாத்தான் இருக்கும்.

கோத்தகிரி_செவிலி எழுதியது:

மறுநாளுக்கு வைக்கிறதா இருந்தா ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க பந்தலூர் அக்கா. மண்சட்டியோட அடுப்பு மேலயே விடாதீங்க.

பந்தலூர்_பேத்தி எழுதியது:

நேத்து செஞ்சோம். புளிக்குப் பதிலா குடம்புளி போடட்டுமான்னு கேட்டேன். இங்க கடையில அதுதான் சுலபமா கிடைக்கும். அதைக் கையில வாங்கி முகர்ந்து பார்த்துட்டு, “இது கொறக்கா மாதிரி இருக்கு, இது அங்க இலங்கையில போடறது. மண்டபத்துல பழம்புளிதான்”னு சொல்லிட்டாங்க. அதனால பழம்புளியே கரைச்சோம். ரம்பத்தை வெட்டினேன், நாப்பத்திரண்டு மீனுக்கும்.

ராத்திரி ரெண்டு மட்டும் தின்னாங்க. ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் காலையில பழைய சோத்தோட ஆறு தின்னாங்க. தட்டு ஓரத்துல முள்ளு இல்ல. தின்னு முடிச்சுட்டு, மண்டபத்துல அந்தம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவன் பேரு கூட எனக்குத் தெரியும்னு சொல்லி, முகாம்ல இருந்து பஸ் ஏறின அன்னைக்கு அந்தம்மா ஒரு சின்ன டப்பாவுல இதே மீனை வச்சுக் கொடுத்ததைச் சொன்னாங்க. மேட்டுப்பாளையத்துல இறங்கித்தான் அதைத் தின்னாங்களாம். இவ்வளவு வருஷத்துல இதை நான் கேட்டதே இல்ல.

நாடுகாணி அண்ணா, உங்க வண்டி பந்தலூருக்கு எந்த நாள் வரும்? சூடை வந்தா சூடைன்னே சொல்லிக் கூவுங்க. எங்க லயத்துல நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

நாடுகாணி_வண்டி எழுதியது:

செவ்வாய், வியாழன், சனி. ஒன்பதரைக்குப் பந்தலூர் பஸ் ஸ்டாண்டு கிட்ட நிப்பேன், பத்து மணிக்கு லயத்துக்கு வருவேன். இனிமே பெட்டியைப் பிரிச்சு ரெண்டா வைக்கிறேன், சூடை ஒரு பக்கம், மத்தி ஒரு பக்கம். விலையும் தனித்தனியா. இந்தச் சனிக்கிழமை சூடை கிடைச்சா அப்பாயிக்கு ஒரு கூறு தனியா எடுத்து வைக்கிறேன். ஐஸ்லதான் இருக்கும்.